ஓவியம் அறிவோம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: பிரெஞ்சு ஓவியர் எடுவார் மானேயின் ‘ஒலிம்பியா’ இத்தாலிய ஓவியர் டிஷியனின் ‘உர்பினோ வீனஸ்’ போலவே இருக்கிறதே. இதைக் காப்பி என்று ஏன் சொல்வதில்லை? – வாசகி, கும்பகோணம்

பதில்: முதலில் மானே எதையெல்லாம் அப்படியே வைத்துக்கொண்டார் என்று பாருங்கள். டிஷியன் வரைந்தது 1538இல், மானே 1863இல். இரண்டிலும் ஆடையில்லாத பெண் இடப்பக்கம் தலையணையில் சாய்ந்திருக்கிறாள், இடது கை மடிமீது. பின்னணியின் செங்குத்துக் கோடு ஒன்று நேராக அந்தக் கையை நோக்கி இறங்குகிறது. இத்தனையும் தற்செயலாக அமையாது.

இனி மாற்றங்கள். விஷயமே அங்கேதான் இருக்கிறது. டிஷியன் படத்தில் காலடியில் நாய் சுருண்டு உறங்குகிறது. நாய் விசுவாசத்தின் அடையாளம். அதே மூலையில் மானே முதுகை வளைத்து நிற்கும் கறுப்புப் பூனையை வைக்கிறார். வீனஸ் கையில் ரோஜாக்கள். இங்கே யாரோ அனுப்பிய பூங்கொத்தைப் பணிப்பெண் நீட்டுகிறாள், ஒலிம்பியா அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. வீனஸின் விரல்கள் தளர்ந்து மடங்கியிருக்கின்றன, இவளுடைய விரல்கள் தொடைமேல் அழுந்தியிருக்கின்றன. கழுத்தில் கறுப்பு நாடா, ஒரு காலில் மட்டும் செருப்பு. காதல் தேவதை வீனஸின் இடத்தில் பாரிஸ் நகரத்து விலைமகள்! 1865இல் பாரிஸின் அதிகாரபூர்வ ஓவியக் கண்காட்சியான சலோனில் எழுந்த கோபத்தில் படத்தை ஒரு கதவுக்கு மேலே உயரத்தில் மாற்றி மாட்டினார்கள். மாற்றத்துக்குப் பொருள் இருக்கும்போது அது காப்பி ஆகாது.

கேள்வி: ஒரு படம் இன்னொன்றைச் சுட்டுகிறது என்று எப்படி உறுதிசெய்வது? – வாசகர், திருநெல்வேலி

பதில்: படுத்திருக்கும் பெண் என்ற ஒற்றுமை மட்டும் போதாது, அப்படி நூறு படங்கள் உண்டு. ஓவியர் மூலத்தைப் பார்த்தாரா என்று தேடுங்கள். உர்பினோ வீனஸை மானே முன்பே நகல் எடுத்துப் பழகியவர்.

பிறகு டிரேசிங் பேப்பரை வைத்து உருவங்களின் வெளிக்கோட்டை மட்டும் எடுங்கள். ஆடை, நிறம் எதுவும் வேண்டாம். மானேயின் ‘புல்வெளியில் மதிய உணவு’ படத்தில் கோட்டு போட்ட இரு ஆண்கள், ஆடையில்லாத ஒரு பெண். அந்த மூவரின் கோடுகளை, ரஃபேலின் வரைபடத்தைக் கொண்டு மார்க்கான்டோனியோ ரைமொண்டி செதுக்கிய ‘பாரிஸின் தீர்ப்பு’ (இந்தப் பாரிஸ் ஊரல்ல, கிரேக்கப் புராண இளவரசன்) அச்சுப்படத்தின் வலது கீழ்மூலையோடு ஒப்பிடுங்கள். அங்கே இரண்டு ஆற்றுத் தேவர்களும் ஒரு நீர்மகளும் அதே வரிசையில் அமர்ந்திருக்கிறார்கள், நீர்மகள் நம்மைப் பார்ப்பது உட்பட. கோட்டும் தொப்பியும் கண்ணை ஏமாற்றிவிடும். 1863இல் படத்தைப் பார்த்துச் சிரித்த கூட்டத்துக்கு இது தெரியவில்லை. விமர்சகர் எர்னஸ்ட் ஷெனோ மறு ஆண்டே எழுதிக் காட்டினார்.