இன்சுலின் ஊசிகளைக் குப்பையில் போடலாமா?

வணக்கம். குடியாத்தத்தில் உங்கள் மாமியார் இருவேளையும் இன்சுலின் பேனா போட்டுக்கொள்வதாகவும், கழற்றிய ஊசிகளைப் பால் கவரில் முடிந்து குப்பை வண்டியில் போட்டுவருவதாகவும் எழுதியிருந்தீர்கள். அதை இன்றே நிறுத்திவிடுங்கள். 4 மில்லிமீட்டர் ஊசிதானே என்று தோன்றும். ஆனால் கழற்றிய ஊசியைத் திருப்பிப் பாருங்கள், மருந்துக் குப்பியைத் துளைக்கும் மறுமுனையும் கூராகவே இருக்கும். கவரைக் கிழித்துக்கொண்டு அது ஏறுவது, குப்பையைக் கையால் பிரிக்கும் தூய்மைப் பணியாளரின் விரலில்தான்.

துணி துவைக்கும் திரவம் வரும் கெட்டியான, திருகுமூடியுள்ள பாட்டிலே போதும். தண்ணீர் பாட்டில் நசுங்கிவிடும். ஊசியின் பெரிய வெளிமூடியைப் பொருத்திக் கழற்றி, உடனே பாட்டிலில் போட்டு, குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். முக்கால் பங்கு நிரம்பியதும் மூடியை இறுக்கி, டேப் சுற்றி, 'பயன்படுத்திய ஊசி' என்று எழுதிவிடுங்கள்.

2016-ஆம் ஆண்டுத் திடக்கழிவு மேலாண்மை விதிகள் இவற்றை வீட்டு அபாயக் கழிவு என்று வகைப்படுத்தின. எனவே மக்கும் குப்பையோடும் மக்காத குப்பையோடும் சேர்க்காமல், எங்கே ஒப்படைப்பது என்று நகராட்சியில் கேளுங்கள். மாமியார் பரிசோதனைக்குச் செல்லும் மருத்துவமனையில் வாங்கிக்கொள்வார்களா என்று விசாரிப்பது அதைவிட எளிது என்பது என் எண்ணம். கூரிய கழிவுகளுக்கென்றே அங்கே தனிப் பெட்டி இருக்கும். எரிப்பதும் கவுண்டன்யா ஆற்றங்கரையில் கொட்டுவதும் கூடவே கூடாது.

யாரையாவது குத்திவிட்டால், அமுக்கி இரத்தம் எடுக்காமல், ஓடும் நீரில் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும், எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவையென்றால் 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும்.