லண்டனிலிருந்து ஒரே நாளில் ஸ்டோன்ஹெஞ்ச் என்ற பழங்காலக் கல் வட்டமும் சால்ஸ்பரி கதீட்ரலும் (பேராலயம்) பார்க்க முடியுமா? முழங்கால் வலி உள்ள அம்மாவும் வருகிறார், டூர் பஸ் சரியா?

தாராளமாக முடியும். ஆனால் வின்ட்சர், பாத் போன்ற ஊர்களையும் சேர்த்து ஒரே நாளில் சுற்றிக் காட்டும் டூர் பஸ் மட்டும் வேண்டாம். இறங்கி, படம் எடுத்து, ஓடி வந்து ஏறுவதிலேயே பொழுது போய்விடும், பல பஸ்கள் சால்ஸ்பரி ஊருக்குள் நுழைவதே இல்லை. எனக்கு அந்த நாளில் பெரிய பங்கு சால்ஸ்பரிதான்.

வாட்டர்லூ ஸ்டேஷனிலிருந்து சால்ஸ்பரிக்கு நேர் ரயில் இருக்கிறது, ஒன்றரை மணி நேரம். ஸ்டேஷன் வாசலிலேயே ஸ்டோன்ஹெஞ்ச் போகும் பஸ் நிற்கும், அரை மணி நேரப் பயணம். காலையில் முதல் பஸ்ஸைப் பிடித்துவிடுங்கள், கூட்டம் சேர்வதற்குள் பார்த்துவிடலாம். நுழைவுச் சீட்டை முன்கூட்டியே ஆன்லைனில் எடுங்கள். பார்வையாளர் மையத்திலிருந்து கற்கள் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருந்தாலும் அங்கே ஷட்டில் பஸ் ஓடுகிறது, அதனால் அம்மாவுக்குச் சிரமம் இருக்காது. திறந்த வெளி, கோடையிலும் காற்று வாங்கு வாங்கென்று வாங்கும், அவருக்கு ஒரு ஜாக்கெட் கட்டாயம்.

சாதாரணச் சீட்டில் கல் வட்டத்துக்குள் விடமாட்டார்கள், கயிற்றுக்கு வெளியே சுற்றி வரலாம். அது போதும். ஒரு விஷயத்தை மட்டும் தவறவிடாதீர்கள்: தனியாக நிற்கும் மிக உயரமான கல்லின் தலையில் ஒரு குமிழ் தெரியும். மேலே கிடந்த கல் விழுந்துவிட்டது, அதன் அடிப்பக்கக் குழியில் பொருந்துவதற்காகச் செதுக்கிய குமிழ் அது. ஆசாரி மரத்தில் வைக்கும் இணைப்பை, 4,500 ஆண்டுகளுக்கு முன் இருபது டன்னுக்கு மேல் எடையுள்ள கல்லில், கல்லாலேயே தட்டித் தட்டிச் செய்திருக்கிறார்கள். பெரிய கற்கள் சுமார் 25 கி.மீ. தூரத்திலிருந்து வந்தவை, சின்ன நீலக் கற்கள் வேல்ஸிலிருந்து. நடுவில் புதைந்தாற்போல் கிடக்கும் பலிபீடக் கல் ஸ்காட்லாந்தின் வடகிழக்கிலிருந்து வந்தது என்று 2024-ல்தான் கண்டுபிடித்தார்கள், 700 கி.மீ.க்கு மேல்!

திரும்பும் பஸ் ஓல்டு சாரம் என்ற பழைய கோட்டை மேட்டு வழியாக வரும். பழைய கதீட்ரல் அந்த மேட்டில்தான் இருந்தது, காற்று, தண்ணீர்ப் பஞ்சம், கோட்டைச் சிப்பாய்களோடு தகராறு என்று பாதிரிமார்கள் கீழே இறங்கி 1220-ல் இப்போதுள்ள கதீட்ரலைக் கட்டத் தொடங்கினார்கள். நேரம் இல்லையென்றால் பஸ்ஸிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம்.

மதியச் சாப்பாட்டுக்கு கதீட்ரலை ஒட்டிய உணவகத்துக்கே போங்கள், கூரை கண்ணாடி, உட்கார்ந்தபடியே கோபுரம் தெரியும். 123 மீட்டர், இங்கிலாந்திலேயே உயரமான தேவாலயக் கோபுரம். முதலில் போட்ட திட்டத்தில் இவ்வளவு உயரம் இல்லை, பிறகு ஏற்றியது, அதுவும் சுமார் நான்கு அடி ஆழ அஸ்திவாரத்தின் மேல். உள்ளே கோபுரத்துக்கு நேர் கீழே நடுவில் நின்று தூண்களை அடியிலிருந்து மேலே மெதுவாகப் பாருங்கள், பாரம் தாங்காமல் வளைந்திருப்பது கண்ணுக்கே தெரியும். அத்தனை டன் கல்லுக்கு நேர் கீழே நிற்கிறோம் என்று உறைக்கும்போது வயிற்றைக் கலக்கும், எனக்கு இந்தக் கட்டடத்தில் மிகப் பிடித்த இடம் அதுதான். மன்னரின் அதிகாரத்துக்கு வரம்பு வைத்த 1215 மாக்னா கார்ட்டா சாசனத்தின் மிஞ்சியிருக்கும் நான்கு பிரதிகளில் ஒன்று இங்கேதான் இருக்கிறது, முகப்பே இல்லாமல் மணி மட்டும் அடிக்கும் 1386-ஆம் ஆண்டுக் கடிகாரமும். கோபுரம் ஏற 332 படி, அம்மாவுக்கு வேண்டாம்.

அவர் கீழே ஓய்வெடுக்கிற நேரத்தில் நீங்கள் எதிரிலேயே இருக்கும் சால்ஸ்பரி மியூசியத்துக்குப் போய்வாருங்கள். ஸ்டோன்ஹெஞ்சுக்குப் பக்கத்து ஊரான ஏம்ஸ்பரியில் 2002-ல் கிடைத்த ஒரு வில்லாளியின் எலும்புக்கூடு அங்கே இருக்கிறது. ஆல்ப்ஸ் மலைப் பக்கம் வளர்ந்தவர் என்று பல்லை வைத்துச் சொல்கிறார்கள், ஒரு முழங்கால் சில்லு இல்லாமலே இவ்வளவு தூரம் வந்து வாழ்ந்திருக்கிறார், கூடவே தங்க அணிகளோடு புதைத்திருக்கிறார்கள். காலையில் அந்தக் கற்களைப் பார்த்துவிட்டு வந்து இவரைப் பார்த்தால்தான் அங்கே நடமாடிய மனிதர்கள் என்று ஒரு முகம் கிடைக்கும்.

அப்புறம் கதீட்ரலில் பாடகர் குழு பாடும் மாலை வழிபாடு. பெரும்பாலான நாட்களில் ஐந்தரை வாக்கில் நடக்கும், யார் வேண்டுமானாலும் உட்கார்ந்து கேட்கலாம், கட்டணம் கிடையாது. நேரத்தை அன்றைக்குக் காலையில் கதீட்ரல் இணையதளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். பாட்டு முடிந்து மெதுவாக ஸ்டேஷனுக்கு வந்து ஏழு மணி வாக்கில் ரயில் ஏறினாலும் ஒன்பதுக்குள் லண்டன்.