பங்குனி, சித்திரையில் வலசைப் பறவைகள் திரும்பிப் போவதை உங்கள் ஊரில் கவனித்திருக்கிறீர்களா? பார்த்ததை எப்படிப் பதிவு செய்கிறீர்கள்?

கேள்வியின் கீழே கேட்டவர் இன்னொரு வரியும் சேர்த்திருக்கிறார்: "வெளிநாடுகளில் வசந்தகால வலசையைத் திருவிழாவாகக் கொண்டாடுகிறார்கள். நம் ஊரில் அப்படி எதுவும் இல்லையா?"

இருக்கிறது. ஆனால் அவர்களுக்கு அது வருகை, நமக்குப் புறப்பாடு. ஏப்ரலில் முதல் தகைவிலான் குருவியைப் பார்த்ததும் இங்கிலாந்துக்காரர் துள்ளிக் குதிக்கிறார். அதே மாதத்தில் நம் ஊர் மின்கம்பியில் வரிசையாக உட்கார்ந்திருந்த தகைவிலான்கள் ஒருநாள் காலையில் இருப்பதில்லை. அதை யாரும் கவனிப்பதும் இல்லை. வந்து வாசலில் நிற்கிறவரை உடனே பார்த்துவிடலாம். சொல்லிக்கொள்ளாமல் போனவரை எந்த நாளில் குறித்துக்கொள்வது?

இதுதான் என் சிக்கலாகவும் இருந்தது. நான் தூத்துக்குடிக்காரன். ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதுகிறேன். ஒன்பது மணிக்குக் கடை திறப்பதற்குள் கிடைக்கிற இரண்டரை மணி நேரம்தான் எனக்கும் பறவைகளுக்கும். ஆறு வருட நோட்டுப் புத்தகத்தை ஒருநாள் புரட்டிப் பார்த்தேன். "முதல் வாலாட்டி", "முதல் ஊசிவால் வாத்து" என்று புரட்டாசியிலிருந்து கார்த்திகை வரை தேதிகளாகக் குவிந்திருந்தன. கடைசியாகப் பார்த்த நாள் என்று ஒன்றுகூட இல்லை. முதல் நாள் அன்றைக்கே தெரிந்துவிடுகிறது. கடைசி நாள், அது கடந்து இரண்டு வாரம் ஆன பிறகுதான் தெரிகிறது. அதற்குள் நாம் எழுதுவதை விட்டிருப்போம். தினமும் பார்க்கிற பறவையை எவன் தினமும் எழுதுவான்?

கணக்கு எழுதுகிறவனுக்கு இது அவமானம். வரவு மட்டும் இருக்கிறது, செலவுப் பக்கம் காலி.

முதலில் உப்பளத்தைச் சொல்கிறேன். ஊரைச் சுற்றி வடக்கிலும் தெற்கிலும் உப்பளங்கள். உப்பு விளையும் பாத்திகளில் பறவைக்கு வேலை இல்லை. கடல் தண்ணீரைத் தேக்கிவைக்கும் பெரிய பாத்திகளில்தான் கூட்டம்: உள்ளான்கள், உப்புக்கொத்திகள், பச்சைக்காலி, பவளக்காலி, சில நாட்களில் பூநாரை. தை மாதத்தில் போனால் எல்லாம் ஒரே சாம்பல். எது எந்த உள்ளான் என்று பிரிப்பதற்குள் கண் வலிக்கும். புதிதாக வருகிறவர்கள் பாதிப்பேர் இந்தச் சாம்பலிலேயே ஆர்வம் போய், பூநாரையைப் படமெடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள்.

பங்குனி பிறந்ததும் அந்தச் சாம்பலில் கறை படிய ஆரம்பிக்கும். வளைமூக்கு உள்ளானின் மார்பில் முதலில் இரண்டு மூன்று செங்கல் நிறப் புள்ளிகள் தெரியும். வெற்றிலைச் சாறு தெறித்த வேட்டி மாதிரி இருக்கும். வாரத்துக்கு வாரம் அது பரவும். ஏப்ரல் நடுவில் சில பறவைகள் கழுத்திலிருந்து வயிறு வரை சுட்ட செங்கல்லாகவே ஆகியிருக்கும். மணல்நிற உப்புக்கொத்தியின் மார்பில் ஆரஞ்சுப் பட்டை ஏறும். பசிபிக் பொன்னிற உப்புக்கொத்திக்கு முகமும் வயிறும் கரியாகக் கறுக்கும். எல்லாம் ஒரே நேரத்தில் மாறுவதில்லை என்பதுதான் வேடிக்கை. ஒரே பாத்தியில் பாதி மாறியது, முழுதும் மாறியது, மாறாமலே நிற்பது என்று மூன்று வகையும் பக்கத்தில் பக்கத்தில் மேயும்.

இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது எந்தப் புத்தகமும் இல்லை. உப்பு வாருகிற ஓர் அக்கா. நான் தொலைநோக்கியோடு வரப்பில் குந்தியிருந்ததைப் பார்த்துவிட்டு, "சிவந்துவிட்டதா?" என்று கேட்டார். எனக்குப் புரியவில்லை. "உள்ளான் சிவந்தால் பிறகு நிற்காது. நாங்கள் வெயிலை வைத்துச் சித்திரை என்று சொல்வோம், அது நெஞ்சை வைத்துச் சொல்லும்" என்றார். இருபது வருடமாக அதிகாலையில் அதே பாத்திகளில் நிற்கிறவர். பறவையின் பெயர் அவருக்கு உள்ளான் ஒன்றுதான். ஆனால் அது எப்போது கிளம்பும் என்பதை என்னைவிடத் துல்லியமாகச் சொன்னார்.

நிறத்தைவிடப் பெரிய மாற்றம் கண்ணுக்குத் தெரியாதது. இந்த நாட்களில் அவை ஓயாமல் தின்கின்றன. கொசு உள்ளான் ஓர் எலுமிச்சம்பழத்தின் எடைகூட இல்லாத பறவை. கிளம்புமுன் தோலுக்கடியில் கொழுப்பைச் சேர்த்துக்கொள்கிறது. நெடுந்தூரம் போகும் உள்ளான்களில் சில, எடை ஏறக்குறைய இரட்டிப்பாகும் வரை தின்னும். அதுதான் வழிச்செலவு. வளைமூக்கு உள்ளான் முட்டையிடுவது சைபீரியாவின் வடகோடியில், ஆர்க்டிக் கரையோரத்துச் சதுப்பில். இங்கிருந்து ஏழாயிரம் கிலோமீட்டருக்குக் குறையாது. அங்கே பனி உருகும் நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டும். முந்தினால் தீனி இருக்காது, பிந்தினால் குஞ்சு வளர்ப்பதற்குள் கோடை முடிந்துவிடும்.

அங்கே பனி உருகுவது தூத்துக்குடியில் நிற்கும் பறவைக்கு எப்படித் தெரியும்? பகல் நீள்வது ஓர் அறிகுறி. ஆனால் லண்டனில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் கிட்டத்தட்ட ஒன்பது மணி நேர வித்தியாசம். நமக்கோ ஒரு மணி நேரம்தான். அந்தச் சின்ன மாற்றத்தோடு, உடலுக்குள்ளேயே ஓராண்டுக் கடிகாரம் ஒன்றும் ஓடுகிறது. வெளிச்சமும் இருட்டும் மாறாத அறையில் அடைத்து வைத்த கதிர்க்குருவிகள்கூடப் பருவம் வந்ததும் இரவில் தவித்துச் சிறகடிப்பதைச் சோதனைகளில் பார்த்திருக்கிறார்கள். அக்கா சொன்ன நெஞ்சுக் கணக்கு என்பது அந்தக் கடிகாரத்தின் முள்தான்.

இப்போது நான் அசடு வழிந்த கதை. பதிவு செய்யத் தொடங்கிய இரண்டாவது வருடம், ஏப்ரலில், முழுதும் சிவந்த ஓர் உள்ளானைப் பார்த்தேன். கையேட்டில் ரெட் நாட் என்ற பறவையின் படம் அப்படியே இருந்தது. இந்தியாவில் அரிதாகவே தென்படும் பறவை. வீட்டுக்கு வரும்வரைகூடப் பொறுக்கவில்லை, வரப்பில் நின்றபடியே எங்கள் வாட்ஸ்அப் குழுவிலும், பறவைப் பட்டியல்களைச் சேர்க்கும் இ-பேர்ட் தளத்திலும் போட்டுவிட்டேன். மதியத்துக்குள் திருநெல்வேலியிலிருந்து ஒருவர் காரெடுத்துக் கிளம்பிவிட்டார். சாயங்காலம் இ-பேர்ட் தளத்திலிருந்து, நம் பகுதிப் பதிவுகளைச் சரிபார்க்கும் தன்னார்வலர் மிகப் பணிவாகக் கேட்டிருந்தார்: அலகு நேராக இருந்ததா, கீழ்நோக்கி வளைந்திருந்ததா? பறந்தபோது முதுகில் வால் தொடங்கும் இடம் வெள்ளையாகத் தெரிந்ததா? படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அலகு வளைந்திருந்தது. வால் தொடங்கும் இடம் வெள்ளைவெளேர் என்றிருந்தது. நூற்றுக்கணக்கில் தினமும் பார்க்கிற அதே வளைமூக்கு உள்ளான், கல்யாண உடையில். காரெடுத்து வந்த அண்ணாச்சிக்கு நான் வாங்கிக் கொடுத்த மக்ரூன் அரைக்கிலோ. இன்றைக்கும் குழுவில் யாராவது அரிய பறவை என்று போட்டால், "மக்ரூன் தயாரா?" என்று கேட்பார்கள்.

அன்றிலிருந்து என் பழக்கம்: சிவப்பு எதைப் பார்த்தாலும் முதலில் அலகு.

கடற்கரையை விட்டு உள்ளே போனால் கதை வேறு. தாமிரபரணிப் பாசனக் குளங்களில் மாசி, பங்குனியில் தண்ணீர் வற்ற வற்ற வாத்துகள் கூடிக்கொண்டே வரும். ஊசிவால், நீலச்சிறகி, நெற்றியில் நாமம் போட்ட நாமத்தலை வாத்து எல்லாம் மீதமிருக்கிற நடுத்தண்ணீரில் நெருக்கியடித்து நிற்கும். "ஆயிரக்கணக்கில் பெருகிவிட்டது" என்று படம் போடுகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்: பெருகியது வாத்து அல்ல, சுருங்கியது குளம். கூந்தன்குளத்தில் வரித்தலை வாத்துகளைப் பார்க்க வேண்டும் என்றால் மாசிக்குள் போய்விடுங்கள். அவை திபெத், மங்கோலியப் பக்கம் போகிறவை. இமயத்தைத் தாண்டும்போது ஏழாயிரம் மீட்டருக்கு மேலேயே பறந்ததாக, உடலில் பொருத்திய கருவிகள் காட்டியிருக்கின்றன. வயலோரம் மாடு மாதிரிப் புல் மேய்ந்துகொண்டிருக்கும்போது அப்படி ஓர் ஆள் என்று சொல்லவே முடியாது.

எனக்குப் பிடித்தது சூறைக்குருவி. ஏப்ரல் சாயங்காலம் சீமைக்கருவேலங்காட்டுக்கு மேலே புகை மாதிரிச் சுருண்டு, விரிந்து, ஒரே வீச்சில் மரத்துக்குள் கொட்டும். பிறகு அரைமணி நேரம் காடு முழுக்கச் சந்தை இரைச்சல். வந்த புதிதில் அழுக்காக இருந்தவை, போகும்போது ரோஜா நிற உடம்பும் பளபளக்கும் கறுப்புத் தலையுமாக இருக்கும். இதற்காகப் புது இறகு முளைப்பதில்லை. பழைய இறகின் மங்கிய நுனி தேய்ந்து, அடியில் இருந்த நிறம் வெளியே வருகிறது. பாத்திரம் தேய்த்த மாதிரி. மத்திய ஆசியாவில் வெட்டுக்கிளி பெருகும் நேரத்தில் போய்க் குஞ்சு பொரித்துவிட்டு, ஆடி கடைசியிலேயே முதல் கூட்டம் திரும்பிவிடும். மூன்று மூன்றரை மாதம்தான் ஊரில் இருப்பதில்லை. இதை விருந்தாளி என்று எப்படிச் சொல்வது?

பதிவுக்கு வருகிறேன். நான் பயன்படுத்துவது இ-பேர்ட். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகப் பறவையியல் ஆய்வகம் நடத்துவது, 2002 முதல் இருக்கிறது, காசு கிடையாது. பட்டியலை முடிக்கும்போது அது ஒரு கேள்வி கேட்கும்: பார்த்த, அடையாளம் தெரிந்த எல்லாப் பறவைகளையும் எழுதிவிட்டீர்களா? பலர் இதைக் கவனிக்காமல் தட்டிவிடுகிறார்கள். என் செலவுக் கணக்குக்கு விடை அந்தக் கேள்வியில்தான் இருந்தது. ஆம் என்று சொன்னால், நான் எழுதாத பறவை அன்றைக்கு என் கண்ணில் படவில்லை என்று ஆகிவிடுகிறது. காக்கை, மைனா, தவிட்டுக்குருவி எல்லாவற்றையும் எழுதிய இருபது நிமிடப் பட்டியல் ஒன்று, அரிய பறவை ஒன்றை மட்டும் எழுதிய பட்டியலைவிட உதவுவது இதனால்தான். போனதைக் காட்டுவது, இருந்ததை எழுதியவர்களின் மௌனம். 2023இல் வெளிவந்த இந்தியப் பறவைகளின் நிலை பற்றிய அறிக்கை 942 இனங்களை ஆராய்ந்தது, இப்படிச் சாதாரண ஆட்கள் போட்ட பட்டியல்களை வைத்துத்தான். தொலைதூர வலசைப் பறவைகள் வெகுவாகக் குறைந்திருப்பதும், உள்ளான் போன்ற கரைப்பறவைகள் பலமாக அடி வாங்கியிருப்பதும் அதில் தெரிந்தது.

கடைசி நாளைக் குறிப்பதில் ஒரு வில்லங்கமும் உண்டு. உள்ளான்களில் எல்லாமும் போவதில்லை. முந்தைய வருடம் பிறந்த இளசுகள் பல, முட்டையிடும் வயது வராததால் கோடையிலும் இங்கேயே தங்கிவிடும். வைகாசியில் மேற்கிலிருந்து கச்சான் காற்று மண்ணை வாரி இறைக்கும்போதும் உப்பளத்தில் சாம்பல் நிறத்தில் நாலைந்து நிற்கும். அவற்றைப் பார்த்துவிட்டு "இந்த ஆண்டு வலசை தாமதம்" என்று எழுதாதீர்கள். எண்ணிக்கையோடு, சிவந்தது எத்தனை, சிவக்காதது எத்தனை என்றும் குறிப்பில் சேர்த்தால் குழப்பம் இல்லை.

குழுவில் பகிர்வது பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கூடு இருக்கும் இடத்தைப் போடாதீர்கள். உப்பளம் தனியார் இடம், கேட்டுவிட்டு வரப்பில் நடங்கள். பறக்கிற படம் வேண்டும் என்பதற்காகக் கூட்டத்தைக் கலைத்து எழுப்புகிறவர்களோடு எனக்குப் பேச்சே கிடையாது. வழிச்செலவுக்குச் சேர்த்த காசைப் பிடுங்குவதும் அதுவும் ஒன்று.

ஸ்ரீவைகுண்டம் பக்கம் எங்கள் அம்மா இருக்கிற வீட்டுப் பின்பக்க வேலியில் ஒரு பழுப்புக் கீச்சான் உண்டு. கண்ணுக்குக் குறுக்கே கறுப்புத் துணி கட்டிய திருடன் போன்ற முகம். வருடா வருடம் புரட்டாசியில் வந்து, அதே கிளுவை மரக் கிளையில் உட்கார்ந்து, மற்ற பறவைகளை எல்லாம் வைது விரட்டும். ஒரே பறவைதானா என்று காலில் அடையாள வளையமிடாமல் சொல்ல முடியாது, ஆனால் அம்மாவுக்குச் சந்தேகமே இல்லை. போன வருடம் அது எப்போது போகிறது என்று பார்த்து வைக்கச் சொன்னேன். கைப்பேசியில் எழுதுவதெல்லாம் தனக்கு ஆகாது என்றார். நானும் மறந்துவிட்டேன்.

வைகாசியில் ஊருக்குப் போனபோது சமையலறைச் சுவரில், மின்கட்டண ரசீதுகளைக் குத்திவைக்கும் கம்பியில், தினசரி காலண்டர் தாள்கள் தடிமனாகக் கோத்திருந்தன. தாளைக் கிழித்ததும், அன்றைக்குக் கீச்சான் வந்தால் கம்பியில் குத்துவது, வராவிட்டால் அடுப்பில் போடுவது. அம்மா கண்டுபிடித்த முறை. பங்குனி முழுவதும் ஒருநாள் விடாமல் இருந்தது. சித்திரை 6 இல்லை, 7 இல்லை, 8 இருந்தது. 9ஆம் தேதித் தாளும் இருந்தது. அதற்கு மேலே குத்தியிருந்தது மின்கட்டண ரசீது.