மதுரையை நடந்து பாருங்கள்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: ஈரோட்டிலிருந்து பஸ்ஸில் வருகிறோம். மாட்டுத்தாவணியில் இறங்கினால் மீனாட்சியம்மன் கோயில் பக்கமா?

பதில்: உங்கள் பஸ் ஆரப்பாளையத்தில் நிற்கும். கோவை, தேனி, கொடைக்கானல் பஸ்களும் அங்கேதான். மாட்டுத்தாவணி என்பது சென்னை, திருச்சி, நெல்லை, ராமேசுவரம் பக்கத்துக்கு. எங்கே இறங்கினாலும் டவுன் பஸ்ஸில் பெரியார் நிலையம் வந்துவிடுங்கள். அதற்கு மேல் நடைதான். பன்னிரண்டரைக்குக் கோயில் நடை சாத்தினால் நான்கு மணிக்குத்தான் திறப்பார்கள். எத்தனை முறை எழுதினாலும் மதியம் ஒரு மணிக்கு வந்து நிற்பவர்கள் குறையவில்லை.

கேள்வி: எந்தக் கோபுர வாசல் வழியாக நுழைவது?

பதில்: கிழக்கே, அஷ்டசக்தி மண்டபம் வழியாக. நேரே மீனாட்சியிடம் போகும். மதுரைக்காரர்கள் அம்மனைக் கும்பிட்ட பிறகே முக்குறுணிப் பிள்ளையாரைத் தாண்டிச் சொக்கரிடம் போவார்கள். கைபேசிக்கு உள்ளே அனுமதி இல்லை. அறையிலேயே வைத்துவிட்டு வாருங்கள். முடிந்தால் இரவு ஒன்பதரை வரை இருந்து பள்ளியறை பூஜையையும் பாருங்கள். சொக்கரின் பாதுகை பல்லக்கில் அம்மன் சன்னதிக்கு வரும். பகல் கூட்டத்தில் பார்த்த கோயிலா இது என்று தோன்றும்.

கேள்வி: மதுரையில் என்ன பார்க்கலாம்?

பதில்: எத்தனை நாள், எந்த மாதம், கூட வருவது யார்? ஒன்றையுமே எழுதவில்லை. விவரத்தோடு மறுபடி எழுதுங்கள்.

கேள்வி: புது மண்டபத்துத் தையல்காரர்கள் எங்கே போனார்கள்?

பதில்: அங்கிருந்த கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிவிட்டன. மண்டபத்தின் சிற்பங்களை இனிக் கடைச் சாமான் மறைக்காதே, அது நல்லதுதான்.

கேள்வி: காரில் காலை 11 மணிக்கு மதுரை வருகிறோம். மாலை 5 மணிக்கு ராமேசுவரம் கிளம்ப வேண்டும். கோயில், திருமலை நாயக்கர் மகால், அழகர்கோயில், திருப்பரங்குன்றம், காந்தி அருங்காட்சியகம், கீழடி. எந்த வரிசையில் பார்ப்பது? காரைக் கோயில் வாசல் வரை கொண்டுபோகலாமா?

பதில்: எந்த வரிசையிலும் பார்க்க முடியாது. அழகர்கோயில் வடக்கே 20 கிலோமீட்டர், திருப்பரங்குன்றம் தென்மேற்கே எட்டு, கீழடி தென்கிழக்கே 12 அல்லது 13. நகரைக் குறுக்கும் நெடுக்குமாகக் கடப்பதிலேயே உங்கள் ஆறு மணி நேரம் தீர்ந்துவிடும். 11 மணிக்கு ஊருக்குள் நுழைந்து, காரை நிறுத்த இடம் தேடி, வரிசையில் போய் நிற்கும்போது நடை சாத்தும் நேரம் வந்திருக்கும். மாதந்தோறும் இப்படி ஐந்தாறு கடிதங்களாவது வருகின்றன. கொடைக்கானலுக்கும் ராமேசுவரத்துக்கும் நடுவே சாப்பாட்டுக்கு நிறுத்தும் இடமாக இந்த ஊரை நினைப்பது எனக்குத் தாங்கவில்லை.

காரை மாசி வீதிகளுக்குள் கொண்டுவராதீர்கள். கோயிலைச் சுற்றிச் சித்திரை வீதிகள், அவற்றைச் சுற்றி ஆவணி மூல வீதிகள், அதற்கும் வெளியே மாசி வீதிகள் என்று சதுரத்துக்குள் சதுரமாக அமைந்த ஊர் இது. சாமியும் தேரும் சுற்றிவரப் போட்ட வீதிகள். மாசியில் நடந்த பெருவிழாவைத் திருமலை நாயக்கர் சித்திரைக்கு மாற்றினார். வீதியின் பெயர் மாறவில்லை; இன்றும் சித்திரைத் தேர் மாசி வீதியில்தான் ஓடுகிறது. 1840-களில் கலெக்டர் பிளாக்பர்ன் ஊரைச் சுற்றியிருந்த கோட்டையை இடித்தார். அவர் நினைவாக நிற்பதுதான் விளக்குத்தூண். சுவர் போனாலும் கீழவாசல், தெற்குவாசல் என்று வாசல்கள் பெயரில் நிற்கின்றன. மேல மாசி வீதியில் காந்தி தங்கிய வீடு இருக்கிறது. 1921 செப்டம்பர் 22 அன்று அரையாடைக்கு மாறியது அங்கேதான். கீழே கதர்க் கடை. நகைக்கடைகளைப் பார்க்கத் தெற்கு ஆவணி மூல வீதி, பித்தளைப் பாத்திரத்துக்கு வெங்கலக்கடைத் தெரு. இவற்றில் எதுவுமே கார்க் கண்ணாடி வழியாகத் தெரியாது.

ஒரு இரவு தங்குங்கள். மாலை நான்கு மணிக்கு மேல் மகால், ஆறு மணிக்குக் கோயில், பள்ளியறை முடிந்ததும் சாப்பாடு. இந்த ஊரில் 11 மணிக்கும் கல்லில் பரோட்டா வெந்துகொண்டிருக்கும். விடிந்ததும் வெயிலுக்கு முன் நான்கு மாசி வீதிகளையும் நடந்து சுற்றிவிட்டு ராமேசுவரம் கிளம்புங்கள். தங்க முடியாதென்றால் கோயில் ஒன்றை மட்டும் பாருங்கள், காலை ஒன்பது மணிக்குள் வந்து.

கேள்வி: ஜிகர்தண்டாவுக்கு எந்தக் கடை?

பதில்: விளக்குத்தூண் பக்கம் போய், உள்ளூர்க் கூட்டம் நிற்கும் இடத்தில் குடியுங்கள். எது அசல் கடை என்ற பெயர்ப்பலகைச் சண்டையில் எனக்கு அக்கறை இல்லை. மாலையில் தள்ளுவண்டியில் சுக்கு மணக்கப் பருத்திப்பால் வரும், அதை விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: மல்லிகை வாங்கினால் ஊர் போகும்வரை தாங்குமா?

பதில்: காலையில் மாட்டுத்தாவணி பூச்சந்தையில் மொட்டாக வாங்கி வாழையிலையில் சுற்றிக்கொண்டால் மாலைவரை தாங்கும். விரிந்த பூ வேண்டாம். முகூர்த்த நாளுக்கு முதல்நாள் போய் விலை அதிகம் என்று குறைப்படாதீர்கள். அன்று எல்லோருக்கும் அதே விலைதான்.

கேள்வி: அழகர் ஆற்றில் இறங்குவதைக் குழந்தைகளோடு பக்கத்தில் நின்று பார்க்க முடியுமா?

பதில்: குழந்தைகளோடு அந்த விடியலில் வைகைக்குள் இறங்காதீர்கள். நெரிசலின் அளவு தெரியாமல் கேட்கிறீர்கள். முதல்நாள், அழகரை ஊர் எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவைக்குத் தல்லாகுளம் பக்கம் வாருங்கள். கள்ளர் வேடத்தில், கையில் தடியோடு வரும் அழகர், வழியிலுள்ள மண்டகப்படி மண்டபங்களில் ஒவ்வொன்றாக நிற்கும்போது நிதானமாகப் பார்க்கலாம். ஆற்றில் இறங்கிய மறுநாள் இரவு ராமராயர் மண்டபத்தில் தசாவதாரம், அழகர் அவதாரக் கோலங்களில் காட்சி தருவது. உள்ளூர்க் குடும்பங்கள் பாயோடு வந்து விடியவிடிய உட்கார்ந்திருக்கும். நீங்களும் அங்கே போங்கள்.

கேள்வி: கோயில் தவிர, கூட்டமில்லாத இடம் ஒன்று சொல்லுங்கள்.

பதில்: சமணர் மலை. மேற்கே பத்து கிலோமீட்டர், கீழக்குயில்குடி. அய்யனார் கோயிலும் தாமரைக் குளமும் அடிவாரத்தில். அங்கிருந்து படியேறினால் பேச்சிப்பள்ளத்தில் பாறையில் வரிசையாகத் தீர்த்தங்கரர்கள், அவர்களுக்குக் கீழே வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்து. ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்டவை. கை வைக்காதீர்கள், பெயர் கிறுக்காதீர்கள். மலையைச் சுற்றிப் போய்ச் செட்டிப்புடவு என்ற குகையையும் பாருங்கள். காலை ஆறு மணிக்குத் தண்ணீரோடு ஏறி எட்டரைக்குள் இறங்கிவிட்டால், நடை சாத்துவதற்குள் கோயிலுக்கும் வந்துவிடலாம்.