துணை தேடாத பூஞ்சைகள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

சில பூஞ்சைகள் இணையின்றித் தாமே கருவுறும் என்று எழுதியிருந்தீர்கள். தன்னோடு தானே கலப்பதால் புதிதாக எதுவும் பிறக்காது என்றால், பாலிலா வித்துகளாலேயே பெருகிவிடலாமே? பாலினப் பெருக்கம் எதற்கு?

ஒரு வாசகி, கோவை

அன்புள்ள வாசகிக்கு,

பாலினப் பெருக்கத்தின் ஆதாயம் புதுமை மட்டும்தான் என்றால் உங்கள் கேள்வி சரியே. ஆனால் பல பூஞ்சைகளில் வறட்சியையும் வெப்பத்தையும் தாங்கிக் கிடக்கும் உறுதியான வித்து, பாலின இணைவின் முடிவில்தான் உருவாகிறது. நியூரோஸ்போரா என்ற பூஞ்சையின் தூள் போன்ற பாலிலா வித்துகள் 60 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் மடிந்துவிடும். அதன் கரிய பாலின வித்துகளோ அரைமணி நேரம் அந்தச் சூட்டைப் பெற்ற பிறகே முளைக்கின்றன. காட்டுத்தீ அணைந்த இடங்களில், கரிந்த மரப்பட்டைமேல் அது ஆரஞ்சு நிறத்தில் படர்வது இதனால்தான். துணை கிடைக்காத இடத்திலும் அத்தகைய வித்தை உண்டாக்க முடிவது பெரும் பலம்.

ரொட்டியில் வளரும் பூஞ்சையின் குடும்பத்தில் இரண்டு இணைவு வகைகள் உண்டு, ஒரு வகை மற்றதோடுதான் இணையும் என்பதையும், அக்குடும்பத்தின் சில இனங்களுக்கு வேறு இணையே தேவையில்லை என்பதையும் 1904இல் அமெரிக்கத் தாவரவியலாளர் பிளேக்ஸ்லீ காட்டினார். தேவையில்லாமல் போவது எப்படி என்பதில்தான் வியப்பு இருக்கிறது. நியூரோஸ்போரா கிராஸா என்ற இனத்தில், பாலின வித்துகள் உருவாகும் பையில் எட்டு வித்துகள். ஒவ்வொன்றும் ஏதேனும் ஒரு வகையை மட்டுமே சேர்ந்தது. அதன் நெருங்கிய உறவான நியூரோஸ்போரா டெட்ராஸ்பெர்மாவின் பையில் பெரிய வித்துகள் நான்கே. ஒவ்வொன்றுக்குள்ளும் இரு வகை உட்கருக்களும் சேர்ந்தே அடைபட்டிருக்கின்றன. ஊருக்குப் புறப்படும்போதே துணையைக் கையோடு கூட்டிச் செல்வது போல, தனியே விழும் வித்து தன் இணையைச் சுமந்தே விழுகிறது.

நாம் சமைக்கும் பட்டன் காளானும் இவ்வழியில்தான் செல்கிறது. அதன் குடைக்கு அடியிலுள்ள மடிப்புகளில், வித்துகளைத் தாங்கும் நுண்ணிய உறுப்புகளான பசிடியங்களில் பெரும்பாலானவை வழக்கமான நான்குக்குப் பதிலாக இரண்டு வித்துகளையே தாங்குகின்றன. வித்துக்கு இரண்டு உட்கருக்கள். அரிதாகச் சில பசிடியங்கள் மூன்றோ நான்கோ வித்துகளை இடும். அவற்றில் ஒற்றை உட்கரு கொண்டவை முளைத்தால் வெளியிலிருந்து இணை வேண்டும். அதாவது, தற்கருவுறுதலை மேற்கொண்ட பிறகும் பிறரோடு கலக்கும் வாய்ப்பை இக்காளான் முற்றாகக் கைவிடவில்லை. கலப்பினம் உருவாக்குவோருக்கு இந்த அரிய வித்துகளே மூலதனம். 1980களின் தொடக்கத்தில் நெதர்லாந்தில் வெளியான ஹார்ஸ்ட் யூ1 என்ற கலப்பின வகை அப்படிப் பிறந்ததுதான். இன்று விற்கப்படும் வெள்ளைப் பட்டன் காளான்களில் பெரும்பாலானவை அதன் வழி வந்தவை, அல்லது அதற்கு மிக நெருக்கமானவை. இத்தனை பெரிய சாகுபடி ஒரே மரபுக்குள் சுருங்கியிருப்பது எனக்குக் கவலை தருகிறது. கலிபோர்னியாவின் சொனோரா பாலைவனத்தில், பசிடியத்துக்கு நான்கு வித்துகள் இட்டு, பெரும்பாலும் இணை தேடியே வாழும் காட்டு வகை ஒன்று இதே இனத்தில் உண்டு; அதன் வாழிடத்தைக் காப்பது காளான் சாகுபடிக்கே அவசியம் என்று கருதுகிறேன்.