வாசகர் கேள்வி, வழக்கறிஞர் பதில்: "ஒரு மாசத்துக்கு மனு கிடையாது"

கேள்வி: குற்றம் செய்து உள்ளே போனவர்களுக்கு எதற்கு இத்தனை உரிமை? சிறை கஷ்டமாக இருந்தால்தானே பயம் வரும்?
- ஒரு வாசகர், தேவகோட்டை

பதில்: உள்ளே இருப்பவர்களில் நான்கில் மூன்று பேர் மீது குற்றம் இன்னும் நிரூபணமே ஆகவில்லை, ஐயா. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022 கணக்குப்படி நாடு முழுக்க 5,73,220 சிறைவாசிகள்; அதில் 75.8 சதவீதம் விசாரணைக் கைதிகள். 2021 ஏப்ரலில் பாளையங்கோட்டை மத்திய சிறையில் சக கைதிகளால் அடித்துக் கொல்லப்பட்ட இளைஞரும், கிளைச் சிறையிலிருந்து மாற்றிக் கொண்டுவரப்பட்ட விசாரணைக் கைதிதான். யாரை எந்த பிளாக்கில் அடைப்பது என்பது உயிர் சம்பந்தப்பட்ட முடிவு. அதை யார் எடுத்தார், எதற்காக எடுத்தார் என்று பதிவேட்டில் இருக்கட்டும் என்கிறோம். இது சொகுசா?

கேள்வி: என் மகன் அடிதடி வழக்கில் ஏழு மாதமாக மத்திய சிறையில் இருக்கிறான். போன வாரம் மனு போட்டு அவனைப் பார்க்கப் போனேன். "உள்ளே தகராறு பண்ணினான், தனி செல்லில் போட்டாச்சு, ஒரு மாசத்துக்கு மனு கிடையாது" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். எழுத்தில் எதுவும் தரவில்லை. புகார் கொடுத்தால் அவனை இன்னும் வதைப்பார்களோ என்று பயமாக இருக்கிறது.
- ஒரு தாய், திருமங்கலம்

பதில்: பயம் நியாயம்தான் அம்மா. ஆனாலும் சும்மா இருந்துவிடாதீர்கள். வெளியே கேட்க ஆள் இருக்கிறது என்று தெரிந்தால் உள்ளே கை ஓங்க யோசிப்பார்கள். சட்ட உதவி வழக்கறிஞராகச் சிறைக்குப் போய்வரும் நான் இதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

வாய்வார்த்தையாக ஒருவனைத் தனி செல்லில் போட முடியாது. திகார் சிறையில், உறவினரிடம் பணம் கறப்பதற்காக ஒரு கைதியை வார்டர் சித்திரவதை செய்தார். அதே சிறையில் இருந்த இன்னொரு கைதி சுனில் பத்ரா உச்ச நீதிமன்ற நீதிபதிக்குக் கடிதம் எழுதினார். அந்தக் கடிதத்தையே ஆட்கொணர்வு மனுவாக ஏற்று 1979 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி வி.ஆர். கிருஷ்ண ஐயர், 1957 கேரள அமைச்சரவையில் சிறைத்துறையையும் கவனித்தவர். தனிச் சிறையோ, சலுகை மறுப்போ, தண்டனையாக வேறு சிறைக்கு மாற்றுவதோ, எதுவானாலும் செஷன்ஸ் நீதிபதியின் பரிசீலனை வேண்டும், அவசரமென்றால் இரண்டு நாளுக்குள் அவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்றார்.

மாவட்ட மாஜிஸ்திரேட், செஷன்ஸ் நீதிபதி பொறுப்பில் புகார்ப் பெட்டி வைக்கச் சொன்னதும் அந்தத் தீர்ப்புதான். நான் போகும் ஒரு சிறையில் அந்தப் பெட்டி அதிகாரி அறை வாசலிலேயே தொங்குகிறது. சாவி அவர் மேஜை டிராயரில். எழுதிப் போடுகிறவன் அவர் கண்ணில் படாமல் அந்தப் பக்கம் போகவே முடியாது. தீர்ப்பு வந்து நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகியும் இந்த நிலை என்பதை என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

நாளைக்கே நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். போக முடியாவிட்டால் 15100 என்ற சட்ட உதவி எண்ணுக்கு போன் போடுங்கள். காவலில் இருப்பவருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வழக்கறிஞர் தர வேண்டும். அவர் உள்ளே போய்ப் பையனைப் பார்த்து, உடம்பில் காயம் இருந்தால் அரசு மருத்துவரின் பரிசோதனை கேட்டு நீதிமன்றத்தில் மனுப் போடட்டும். அடுத்த வாய்தாவுக்கு நேரில் ஆஜர்படுத்தச் சொல்லியும் கேட்கட்டும். இப்போது பல வாய்தா வீடியோவிலேயே முடிகிறது. பக்கத்தில் வார்டர் நிற்க, திரையில் தெரியும் மாஜிஸ்திரேட்டிடம் எந்தப் பையன் வாய் திறப்பான்?

இதற்கு முன் எந்த வழக்கிலும் தண்டனை பெறாதவனா என்றும் வழக்கறிஞரிடம் சொல்லுங்கள். அப்படிப்பட்டவன் மீது மரண தண்டனை, ஆயுள் தண்டனைக்குரிய பிரிவு இல்லாமல், வேறு வழக்கும் நிலுவையில் இல்லாமல் இருந்தால், அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கு காலம் உள்ளே கழிந்ததும் விடுவிக்கக் கோரி நீதிமன்றத்துக்கு எழுத வேண்டியது சிறைக் கண்காணிப்பாளரின் கடமை. 2024 ஜூலையில் அமலுக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் (பி.என்.எஸ்.எஸ்.) 479ஆம் பிரிவு இதைச் சொல்கிறது.

திருப்பி அனுப்பப்பட்ட தேதி, நேரம், சொன்ன வார்த்தை எல்லாவற்றையும் மறப்பதற்குள் எழுதி வையுங்கள். ஆணைக்குழுவில் கொடுக்கும் மனுவுக்கு நகலில் சீல் வாங்காமல் வந்துவிடாதீர்கள்.