குடும்பக் காரின் பின்னால் கனத்த வாடகை டிரெய்லர்: கேள்விகளும் பதில்களும்

வீடு மாற்றும்போது சாமான்களை வாடகை டிரெய்லரில் ஏற்றி, சொந்தக் காரின் பின்னால் மாட்டிக்கொண்டு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் போக நினைப்பவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. இருபது ஆண்டுகளுக்கு மேலாக டிரெய்லர் இழுத்து வருகிறேன். கேள்வி அனுப்பியவர்களில் பெரும்பாலோர் "என் கார் இழுக்குமா?" என்றுதான் தொடங்கியிருக்கிறார்கள். இழுக்கும் சக்தி இன்றைய கார்களில் பெரும்பாலானவற்றுக்கு உண்டு. டிரெய்லரை நேராக ஓடவைக்க முடியுமா, நிறுத்த முடியுமா என்பதுதான் என் கவலையெல்லாம்.

கேள்வி: கையேட்டில் என் காரின் இழுவைத் திறன் 1,500 கிலோ என்று போட்டிருக்கிறது. டிரெய்லர் காலியாக 600 கிலோ. அப்படியானால் 900 கிலோ சாமான் ஏற்றலாம் அல்லவா? காரில் நாங்கள் ஐந்து பேர்.

பதில்: இது பாதிக் கணக்குதான். அந்த 1,500 கிலோ, தனியாகப் பிரேக் உள்ள டிரெய்லருக்கா, இல்லாததற்கா என்று முதலில் பாருங்கள். கையேட்டில் இரண்டு எண்கள் இருக்கும். பிரேக் இல்லாத டிரெய்லருக்கான எண் மிகவும் சிறியது. ஐரோப்பாவில் அது 750 கிலோவைத் தாண்டாது.

அடுத்து, ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து சட்டத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் படியுங்கள். ஆட்களும் சாமான்களும் சேர்ந்து கார் எவ்வளவு தாங்கும் என்று அதில் இருக்கும். இல்லாவிட்டால் கையேட்டில் கிடைக்கும். 430 கிலோ என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் ஐந்து பேரும் 320 கிலோ. இழுவைக் கொக்கியும் அதன் சட்டமும் 20 கிலோ. மீதி 90 கிலோ. டிரெய்லரின் முன்முனை கொக்கியை அழுத்தும் பாரம், நான் மூக்குப் பாரம் என்று சொல்வது, இந்த 90 கிலோவுக்குள்தான் அடங்க வேண்டும். வட அமெரிக்காவில் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் மூக்கில் இருக்க வேண்டும் என்பது வழக்கம். பத்து சதவீதம் என்றே கொண்டாலும், சாமானோடு சேர்த்து டிரெய்லர் 900 கிலோவுக்கு மேல் போகக் கூடாது. ஆக, நீங்கள் ஏற்றக்கூடிய சாமான் 300 கிலோ. காரின் பின்பெட்டியில் ஒரு பை வைத்தால் அதுவும் குறையும்.

கொக்கிக்கும், அதன் நுனியில் டிரெய்லர் உட்காரும் இரும்பு உருண்டையான குண்டுக்கும், டிரெய்லருக்கும் தனித்தனி வரம்புகள் உண்டு. எது மிகச் சிறியதோ அதுதான் உங்கள் வரம்பு. இந்த விஷயத்தில் "கொஞ்சம் கூடினால் என்ன" என்று தயவுசெய்து நினைக்காதீர்கள்.

கேள்வி: மூக்குப் பாரத்தை வீட்டிலேயே அளக்க வழி உண்டா ஐயா?

பதில்: உண்டு. உடல் எடை பார்க்கும் இயந்திரமும், உறுதியான ஒரு மீட்டர் நீளப் பலகையும் போதும். பலகையின் ஒரு முனையை ஒரு கட்டையின் மேலும், மறுமுனையை எடை இயந்திரத்தின் மேலும் வையுங்கள். இரண்டு முனைகளுக்கடியிலும் ஒரு குழாய்த் துண்டு இருக்கட்டும். பலகை அந்தக் குழாய்களின் மேல் மட்டுமே உட்கார வேண்டும். இரண்டு குழாய்களுக்கும் இடையே 90 செ.மீ. இருக்கட்டும். கட்டைப் பக்கக் குழாயிலிருந்து 30 செ.மீ. தூரத்தில் பலகையின் மேல் டிரெய்லரின் மூக்கு இறங்க வேண்டும். பலகை மட்டும் இருக்கும்போது இயந்திரம் காட்டிய எடையைக் கழித்துவிட்டு மூன்றால் பெருக்குங்கள். கழித்த பின் 32 வந்தால் 96 கிலோ. அளக்கும்போது டிரெய்லர் தரைக்கு மட்டமாக நிற்கட்டும். சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் அடைக்கட்டை கொடுத்துவிடுங்கள்.

எடைமேடை பக்கத்தில் இருந்தால் இன்னும் சுலபம். டிரெய்லரைத் தனியாக ஒருமுறை எடை போடுங்கள். பிறகு காரோடு மாட்டி, டிரெய்லரின் சக்கரங்கள் மட்டும் மேடையில் நிற்கும்படி இன்னொரு முறை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே மூக்குப் பாரம்.

கேள்வி: எந்தச் சாமானை முதலில் ஏற்றுவது?

பதில்: கனத்ததை முதலில் ஏற்றுங்கள். அது தரையோடு, அச்சுக்குச் சற்று முன்னால் இருக்க வேண்டும். மொத்தச் சுமையில் 60 சதவீதம் முன்பாதியில் இருக்கட்டும். மெத்தை, நாற்காலி, துணி மூட்டைகள் மேலேயும் பின்னேயும் போகலாம்.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. என் முதல் நெடும்பயணத்தில் மெத்தைகளையும் நாற்காலிகளையும் முன்னால் அடுக்கிவிட்டு, புத்தகப் பெட்டிகள் இருபத்திரண்டையும் கடைசியில் கதவோரம் ஏற்றினேன். இறங்கியதும் முதலில் எடுக்க வசதி என்று நினைப்பு. இறக்கமான சாலையில் 95 கி.மீ. வேகத்தில் போகும்போது ஒரு லாரி எங்களை முந்திச் சென்றது. அது கிளப்பிய காற்றில் டிரெய்லரின் பின்புறம் லேசாக அசைந்தது. அசைவு அடங்கவில்லை, வளர்ந்தது. வலப்பக்கக் கண்ணாடியில் டிரெய்லரின் பக்கச் சுவர் முழுவதும் தெரிந்தது. அடுத்த நொடி இடப்பக்கக் கண்ணாடியில். பின்னிருக்கையில் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். மிதியிலிருந்து காலை எடுத்து ஸ்டியரிங்கை நேராகப் பிடித்திருந்ததைத் தவிர நான் ஒன்றும் செய்யவில்லை. வேகம் 70-க்கு இறங்கியபோதுதான் ஆட்டம் நின்றது. சாலையோர ஓய்விடத்தில் மொத்தத்தையும் இறக்கி, புத்தகங்களை முன்னால் வைத்துத் திரும்ப ஏற்ற இரண்டரை மணி நேரம் ஆயிற்று. அதன் பிறகு அதே கார், அதே டிரெய்லர், அதே எடை. கோடு போட்டதுபோல் ஓடியது.

கேள்வி: ஆட்டம் வந்தால் வேகத்தைக் கூட்டினால் நேராகிவிடும் என்று என் நண்பர் சொல்கிறார். சரியா அண்ணா?

பதில்: தவறு தம்பி, ஆளைக் கொல்லும் தவறு. ஒவ்வொரு டிரெய்லருக்கும் ஒரு வேகம் உண்டு. அதற்குக் கீழே அசைவு தானாக அடங்கும். அதற்கு மேலே தானாக வளரும். வேகத்தைக் கூட்டுவது அந்த எல்லைக்கு மேலே இன்னும் ஏறுவதாகும். காலை எடுங்கள், ஸ்டியரிங்கை நேராகப் பிடியுங்கள், டிரெய்லரின் அசைவுக்கு எதிர்த் திசையில் திருப்பித் திருப்பி விரட்டாதீர்கள், நம் கை எப்போதும் அரை நொடி பிந்தியே போகும். காரின் பிரேக்கை ஓங்கி மிதிக்காதீர்கள். டிரெய்லர் பிரேக்கைத் தனியாக இயக்கும் கருவி காரில் இருந்தால் அதை மட்டும் மெல்ல அழுத்தலாம். பின்னாலிருந்து பிடித்து இழுத்ததுபோல் நேராகும். அடங்கியதும் ஓரத்தில் நிறுத்திச் சுமையைப் பாருங்கள். ஆட்டம் ஒருமுறை வந்தால் ஏற்றியதில் பிழை இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எங்கள் வழியில் ஒரு பெரிய மலைத்தொடர் குறுக்கிடுகிறது. ஏற்றத்தில் கார் திணறுமோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: ஏற்றத்தில் திணறினால் மெதுவாகப் போகலாம். உயரம் கூடக் கூட டர்போ இல்லாத எஞ்சின் ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு சக்தியை இழக்கும். தானியங்கி கியர் மேலும் கீழுமாக மாறிக்கொண்டே இருந்தால் கியர் எண்ணெய் கொதிக்கும். ஒரு கியர் கீழே போட்டு அதிலேயே நிறுத்திக்கொள்ளுங்கள். வெப்பமானி ஏறினால் ஓரங்கட்டி, எஞ்சினை அணைக்காமல் ஓடவிட்டு ஆறவையுங்கள்.

என் பயமெல்லாம் இறக்கத்தில்தான். காரும் டிரெய்லரும் ஆட்களுமாக 3,000 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். அது 1,000 மீட்டர் கீழே இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல், 90 லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதுமானது. காற்றும் டயர்களும் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். மீதியை எஞ்சின் தாங்க வேண்டும், அல்லது உள்ளங்கை அகலப் பிரேக் கட்டைகள் தாங்க வேண்டும். பிரேக்கில் காலை வைத்துக்கொண்டே இறங்கினால் சில நிமிடங்களில் சூடேறி, மிதித்தாலும் பிடிக்காத நிலை வந்துவிடும்.

ஆகவே இறக்கம் தொடங்குவதற்கு முன்பே, உச்சியிலேயே, கீழ்க் கியருக்கு வந்துவிடுங்கள். வேகம் கூடினால் நன்றாக ஒருமுறை மிதித்து வேகத்தைக் குறையுங்கள், காலை முழுவதும் எடுங்கள், ஆறவிடுங்கள். பிரேக் உள்ள வாடகை டிரெய்லர்களில் பெரும்பாலும் உந்துப் பிரேக் இருக்கும்: கார் வேகம் குறையும்போது டிரெய்லர் முன்னால் முட்டும், அந்த முட்டலே அதன் பிரேக்கை அழுத்தும். நீண்ட இறக்கத்தில் டிரெய்லர் ஓயாமல் முட்டிக்கொண்டிருப்பதால் அந்தப் பிரேக்கும் ஓயாமல் உரசும். பாதியில் ஓர் இடத்தில் நிறுத்தி, சக்கரங்களருகே முகர்ந்து பாருங்கள். கருகல் வாடை வந்தால் அரை மணி நேரம் உட்கார்ந்திருங்கள். தண்ணீர் ஊற்றி ஆற்ற வேண்டாம். சூடான இரும்பு விரிசல் விடும்.

கேள்வி: எவ்வளவு வேகத்தில் போகலாம்? எரிபொருள் எவ்வளவு கூடும்?

பதில்: 80 முதல் 90 கி.மீ. ஜெர்மனியில் டிரெய்லரோடு போகும் காருக்குப் பொது வரம்பு 80 கி.மீ.; கலிபோர்னியாவில் மணிக்கு 55 மைல், அதாவது சுமார் 88 கி.மீ. இவற்றை வைத்த காரணம் வேறெங்கும் மாறிவிடாது. 100-லிருந்து 80-க்கு இறங்கினால் காற்றின் எதிர்ப்பு 36 சதவீதம் குறையும். பெட்டி போன்ற உயரமான டிரெய்லர் என்றால் எரிபொருள் ஒன்றரை மடங்கு ஆகும் என்று திட்டமிடுங்கள். மின்சாரக் கார் வைத்திருப்பவர்கள் வழக்கமான தூரத்தில் பாதிதான் கிடைக்கும் என்று கணக்கிடுங்கள்; பல சார்ஜ் நிலையங்களில் டிரெய்லரைக் கழற்றாமல் நிறுத்த இடமும் இருக்காது.

கேள்வி: வாடகை நிலையத்தில் டிரெய்லரை எடுக்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: அவசரப்படாதீர்கள். முதலில் குண்டின் அளவு. ஐரோப்பாவில் 50 மி.மீ.; வட அமெரிக்காவில் பரவலாக 2 அங்குலம், அதாவது 50.8 மி.மீ. வேறு அளவுகளும் உண்டு. குண்டின் மேல் பூட்டும் டிரெய்லரின் கிண்ணம்தான் கப்ளர். பெரிய கப்ளரில் சிறிய குண்டு உட்கார்ந்ததுபோலத் தோன்றும், பள்ளத்தில் துள்ளும்போது கழன்றுவிடும். இரண்டிலும் பொறித்த எண்ணை உங்கள் கண்ணால் படியுங்கள்.

மாட்டிப் பூட்டிய பிறகு, டிரெய்லரின் முன் ஜாக்கியைச் சுழற்றி மூக்கை மேலே தூக்குங்கள். காரின் பின்புறமும் சேர்ந்து எழுந்தால் பூட்டு பிடித்திருக்கிறது. மூக்கு மட்டும் எழுந்தால் பிடிக்கவில்லை. இந்த ஒரு சோதனையை நான் ஒரு நாளும் தவிர்த்ததில்லை.

இரண்டு சங்கிலிகள் இருந்தால் மூக்குக்கு அடியில் குறுக்காகப் போடுங்கள். கப்ளர் கழன்றாலும் மூக்கு தரையில் குத்தாமல் அவை தொட்டில்போல் தாங்கும். டிரெய்லர் காரிலிருந்து கழன்றுபோனால் அதன் பிரேக்கைப் போடும் மெல்லிய கம்பி தனியாக இருந்தால், அதைச் சங்கிலியோடு சேர்க்காமல் காரில் தனியாக மாட்டுங்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு எண்கள் இருக்கும்: 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது. வெடிப்பு விட்ட பழைய டயர் என்றால் மாற்றித் தரச் சொல்லுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. விளக்குகள் ஒவ்வொன்றையும் ஒருவர் பின்னால் நின்று பார்க்கட்டும்.

கேள்வி: உரிமம், காப்பீடு?

பதில்: நாட்டுக்கு நாடு மாறும். பிரிட்டனில் 2021 டிசம்பர் முதல் சாதாரணக் கார் உரிமத்திலேயே 3,500 கிலோ வரை டிரெய்லர் இழுக்கலாம். ஐரோப்பிய ஒன்றியத்தில் எடை கூடினால் தனித் தகுதி வேண்டும். காப்பீட்டு நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள்.

கேள்வி: என் கணவர் இரவு முழுவதும் ஓட்டி இரண்டே நாளில் போய்விடலாம் என்கிறார். இரண்டு குழந்தைகளோடு போகிறோம்.

பதில்: வேண்டாம் அம்மா. டிரெய்லரோடு ஒரு மணி நேரம் ஓட்டுவது வெறும் காரில் இரண்டு மணி நேரம் ஓட்டும் களைப்பைத் தரும். காற்று, கண்ணாடிகள், பின்னால் வரும் வண்டிகள் என்று மனம் ஒரு கணமும் ஓயாது. ஒரு நாளைக்கு 500 கி.மீ. போதும் என்று அவரிடம் சொல்லுங்கள். பகலில் ஓட்டுங்கள். தங்குமிடத்தில் பின்னோக்கி எடுக்காமலே வெளியேறக்கூடிய நிறுத்துமிடம் இருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

கேள்வி: பின்னோக்கி எடுப்பது எனக்கு வரவே மாட்டேன் என்கிறது.

பதில்: ஸ்டியரிங்கின் அடிப்பகுதியை ஒரு கையால் பிடியுங்கள். டிரெய்லரின் பின்புறம் எந்தப் பக்கம் போக வேண்டுமோ, அந்தப் பக்கம் கையை நகர்த்துங்கள். நத்தை வேகத்தில், கொஞ்சம் கொஞ்சமாக. கோணம் கைமீறினால் முன்னால் போய் நேராக்கிக்கொண்டு மறுபடி தொடங்குங்கள். புறப்படுவதற்கு முதல் நாள் காலி மைதானத்தில் அரை மணி நேரம் பழகினால் வந்துவிடும்.

கேள்வி: புறப்பட்ட பிறகு எப்போது நிறுத்திப் பார்ப்பது?

பதில்: முதல் 40 கி.மீ.யில் கட்டாயம் நிறுத்துங்கள். சாமான்கள் அதற்குள் அமர்ந்து, கட்டிய பட்டைகள் தளர்ந்திருக்கும், திரும்ப இறுக்குங்கள். அதன் பிறகு இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை. ஒவ்வொரு முறையும் கப்ளர் பூட்டு, சங்கிலி, மின் இணைப்பு என்று ஒரு சுற்று வந்து, சக்கரத்தின் மையத்தருகே புறங்கையை மெதுவாகக் கொண்டுபோங்கள். எல்லாம் ஒரே வெதுவெதுப்பாக இருந்தால் நல்லது. ஒன்று மட்டும் தொடமுடியாத சூட்டில் இருந்தால் அங்கே பேரிங் கெட்டுக்கொண்டிருக்கிறது, அல்லது பிரேக் விடாமல் பிடித்திருக்கிறது. அந்த இடத்திலிருந்தே வாடகை நிறுவனத்தை அழையுங்கள். அடுத்த ஊர் வரை ஓட்டிப் பார்க்கலாம் என்று வண்டியை எடுக்காதீர்கள்.